தங்கமீன் தொட்டிக்கு ஒரு கமிட்டி

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, நான்காம் மாடியின் கடைசி வீட்டில் மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிக்கப்பட்டது.

மூட்டைப்பூச்சி ஒரு சோபாவோடு வந்தது. சோபாவைக் கொடுத்தவர் வீட்டுக்காரனின் அண்ணன். எடை அளவுச் சோதனை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு பேரை உட்காரவைத்துத் தன் முடிவை மட்டும் அறிவிக்கிற பழக்கத்தால் அங்கே அவருக்குக் கமிட்டி என்று பெயர். ஓய்வு பெற்ற அன்று அலுவலகம் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. பெயரும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. "தேக்குச் சட்டம்டா, இப்பல்லாம் எங்க கிடைக்குது" என்று சொல்லி சோபாவைத் தம்பி வீட்டில் இறக்கினார். எல்லோருக்கும் உடம்பு தடித்தபோது கொசு என்றார். கொசு இல்லை என்று தெரிந்ததும், மருந்து அடிக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். சோபா யாருடையது என்ற பேச்சே எழவில்லை.

தம்பியின் மனைவி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஹாலில் அவளுடைய மீன் தொட்டி இருந்தது. அதில் இரண்டு தங்கமீன்கள், ஏழு வருஷமாக. பெரியது உள்ளங்கை அளவு வளர்ந்திருந்தது. வேலை முடிந்து வந்தால் பத்து நிமிஷம் தொட்டி முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அவள் யாரிடமும் பேசுவாள். அந்த வீட்டில் அவளிடம் எதையும் கேட்டு நச்சரிக்காத உயிர்கள் அவை இரண்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. சோபாவில் உட்கார மனமில்லாமல் கமிட்டி நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மீனை பக்கெட்ல மாத்தி, எதிர்வீட்டுல கேட்டு அவங்க பாத்ரூம்ல வச்சிடறேன்" என்றாள் நர்ஸ்.

"எதுக்குன்னு கேப்பாங்களே, என்ன சொல்லுவ?" என்றார் கமிட்டி.

"மருந்து அடிக்கிறோம்னு சொல்லுவேன்."

"ஏம்மா, நம்ம வீட்டுல மூட்டைப்பூச்சின்னு மைக் கட்டி சொல்லப்போறியா? நாளைக்கு லிஃப்ட்ல எவனாவது நம்ம பக்கத்துல நிப்பானா?"

"அப்ப மீனு?"

"மருந்து காத்துல போகுது. மீன் தண்ணிக்குள்ள கெடக்கு. ரெண்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"இருக்கு அத்தான். அந்த மருந்து நமக்குக் கண்ணு எரியும், அவ்வளவுதான். மீனுக்கு உயிரே போயிடும்."

"சரி, டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்றார் கமிட்டி, தம்பியைப் பார்த்து.

அவளும் கணவனைப் பார்த்தாள். அவன் அடிக்காத போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணன் சொல்றதும் ஒரு வகையில..." என்றான். எந்த வகையில் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டு ஆபரேஷன்கள் இருந்தன, லீவு கிடைக்கவில்லை. அவள் விடிந்ததும் எழுந்து தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினாள். நோயாளியின் மேல் துணி போர்த்துகிற அதே கவனத்தோடு தொட்டியின் வாய் முழுக்க பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டினாள். காற்றுக்குழாய் நுழைகிற இடத்தையும் விடவில்லை. மேலே ஈரத் துண்டு. பம்பை நிறுத்தி, சுவிட்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டினாள்.

"இதப் பாருங்க," என்றாள் கணவனிடம். "பம்ப் வெளிய இருக்கு. ரூம்ல இருக்கிற காத்தைத்தான் இழுத்து உள்ள விடும். போட்டீங்கன்னா மருந்தை நாமளே குழாய் வச்சு ஊட்டுற மாதிரி. நான் வந்து ஜன்னலைத் திறக்கிற வரைக்கும் இதைத் தொடக்கூடாது. பம்ப் இல்லாம சாயந்திரம் வரைக்கும் தாங்கும்."

"நான் பாத்துக்கறேன். நீ போ."

மருந்துக்காரர் முகமூடியைத் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டு வந்தார். "மீனா? மூடியிருக்கீங்கல்ல, அப்புறம் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு சோபாவைக் குளிப்பாட்டினார். அண்ணனும் தம்பியும் மூக்கில் கைக்குட்டையோடு மேற்பார்வை செய்தார்கள். மேற்பார்வைக்கு அங்கே ஒன்றும் இல்லை என்பதால் கமிட்டி தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"டேய், வாயைத் திறந்து திறந்து மூடுதுடா. மூச்சு முட்டுது."

வாயைத் திறந்து மூடுவது மீனுக்கு வழக்கம். கமிட்டிக்கும் அதே வழக்கம் அறுபது வருஷமாக உண்டு; அவருக்கு மூச்சு முட்டுகிறது என்று யாரும் பம்ப் போட்டதில்லை.

"தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காண்ணா."

"பொண்டாட்டி சொன்னா ஒரு உயிரைக் கொன்னுடுவியா? போடுடா."

தம்பி பிளாஸ்டரை நகத்தால் ஓரம் கிளப்பி, கிழியாமல் உரித்து, சுவிட்சைப் போட்டான். பிளாஸ்டிக் தாள் மெல்ல பலூன் மாதிரி உப்பியது.

"பாத்தியா, எவ்வளவு நல்லா காத்து போகுது" என்றார் கமிட்டி.

வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தார்கள். முதல் ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் போன் செய்தாள்.

"பம்ப் ஆஃப்லதானே இருக்கு?"

கணவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஆமா, ஆஃப்லதான் இருக்கு."

ஓடிப் போய் அணைக்க அந்த இடத்திலிருந்து ஐந்து நிமிஷம் ஆகாது. அவன் இன்னொரு டீ சொன்னான்.

மாலையில் அவள் கதவைத் திறந்தபோது பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. உரித்த பிளாஸ்டர் மேசையில் அழகாக மடித்து வைத்திருந்தது. சின்ன மீன் பக்கவாட்டில் மிதந்தது. பெரியது தொட்டி மூலையில் வளைந்து வளைந்து துடித்தது. அவள் ஜன்னல்களைத் திறந்தாள். படிக்கட்டில் நின்ற இருவரிடமும் ஒன்றும் கேட்காமல், வரும்போதே மருத்துவமனையிலிருந்து கேனில் கொண்டுவந்த தண்ணீரை பக்கெட்டில் ஊற்றி மீனை மாற்றினாள்.

"வயசாயிடுச்சும்மா அதுக்கு" என்றார் கமிட்டி வாசலில் நின்றபடி. "நான் சும்மா சொன்னேன், போட்டது இவன்தான்."

"அண்ணன்தான் போடச் சொன்னாரு" என்றான் கணவன்.

"போன்ல ஆஃப்ல இருக்குன்னு சொல்லச் சொன்னதும் அவருதானா?"

கணவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். "விடு, வேற வாங்கித் தரேன்" என்றான்.

"எதை? மீனையா, முதுகெலும்பையா?"

கமிட்டி, இதெல்லாம் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்றார். யாரும் உட்காரவில்லை.

பெரிய மீன் மறுநாள் காலை செத்தது. மே முதல் தேதியிலிருந்து அவள் மருத்துவமனையின் நர்ஸ் விடுதியில் இருக்கிறாள்.