காருக்கு அடியில் மரியாதை

எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்கு யாரும் புத்தி சொல்வதில்லை. சொல்லியே தீர வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அது அவர் காதில் விழுந்தால் அவருடைய பெருந்தன்மை. "இந்தக் காலத்துல சிலபேர் ஹெல்மெட்டே போடறதில்ல" என்று என் அம்மா சுவரிடம் சொல்லுவாள். சுவர் இதுவரை எந்த விபத்திலும் சிக்கியதில்லை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். பெரிய அலுவலகத்தில் மேனேஜர். அவர் உள்ளே நுழைந்தால் பன்னிரண்டு பேர் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார்களாம்; அவரே எண்ணிச் சொன்னது. நான் பஸ் டிப்போவில் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாகப் பஸ்ஸுக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு நாளும் முழுசாக வெளியே வந்திருக்கிறேன். அவரைவிட ஒன்பது வயது மூத்தவன் வேறு. இருந்து என்ன, நானும் அவரை வாங்க, போங்க என்றுதான் பேச வேண்டும்.

போன மாதம் அவர் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். தரைக்கும் காருக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையும், முஷ்டி நுழையாது. ஏறுவதற்கு உடம்பை மூன்றாக மடிக்க வேண்டும், இறங்குவதற்கு ஆள் வந்து கை கொடுக்க வேண்டும். வாங்கிய மறுநாளே, "ஆயில நானே மாத்தப் போறேன்" என்று அறிவித்துவிட்டார். வீடியோ பார்த்திருக்கிறாராம். பதினொரு நிமிஷ வீடியோ.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, சும்மா வர்ற மாதிரி கொஞ்சம் வா. நான் கூப்பிட்டேன்னு காட்டிக்காத."

"என்னம்மா ஆச்சு?"

"அவர் காரத் தூக்கி வச்சிருக்கார்."

"எது மேல?"

"கல்லு மேல."

சட்டைப் பொத்தானை வழியில்தான் போட்டேன்.

கார் ஷெட்டில் மாப்பிள்ளை ஜோராக இருந்தார். புத்தம்புது நீலச் சட்டை, கையுறை, நெற்றியில் மாட்டிய லைட், படுத்தபடியே உருண்டு போக சக்கரம் வைத்த பலகை. தூக்கிய காரைத் தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு இரண்டும் வாங்கியிருந்தார். அவை பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், அலமாரி மேல் இருந்தன. காரின் முன்பக்கமோ இரண்டு ஹாலோ பிளாக் மேல், உள்ளே பொந்து விட்ட சிமெண்ட் கல் மேல், நின்றது. கல் மேல் என் தங்கையின் நல்ல துண்டு மடித்து வைத்திருந்தது, பெயிண்ட் கீறிவிடக் கூடாதாம்.

"ஸ்டாண்டு வாங்கியிருக்கீங்க போல" என்றேன்.

"அது சரிப்படாது மச்சான். தூக்கறதுக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கு. அங்க ஜாக்கிய வச்சா ஸ்டாண்டுக்கு இடமில்ல, ஸ்டாண்ட வச்சா ஜாக்கிக்கு இடமில்ல. கல்லுன்னா அகலமா இருக்கு, எங்க வச்சாலும் தாங்கும்."

முதல் பாதி சரிதான். தாழ்வான காரில் அதுதான் தொல்லை. முன்சக்கரம் இரண்டையும் தடித்த மரக்கட்டை மேல் ஏற்றி, உள்ளே நடுவில் போகும் கனமான குறுக்குச் சட்டத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால், இரண்டு ஓரமும் ஸ்டாண்டுக்குக் காலியாகிவிடும். பிறகு பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, காரை நாலு உலுக்கு உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். இதை டிப்போவில் ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். இங்கே சுவரைத் தேடினேன்.

"ஹாலோ பிளாக்கு பொசுக்குனு உடையும்னு சிலபேர் சொல்றாங்க" என்றேன் சுவரிடம்.

மாப்பிள்ளை சிரித்தார். "ஒரு வீடே இந்தக் கல்லு மேலதான் நிக்குது மச்சான். ஒரு காரு நிக்காதா?"

சொல்லிவிட்டுப் பலகையில் மல்லாந்து, உருண்டு உள்ளே போய்விட்டார். இடுப்புக்குக் கீழேதான் வெளியே தெரிந்தது. பின்சக்கரத்தைப் பார்த்தேன், முட்டு இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஷிப்டில் ஒருவர், ரெண்டே நிமிஷ வேலை என்று வெறும் ஜாக்கியை நம்பிப் படுத்தார். அவருடைய டிபன் பாக்ஸைக் கொண்டுபோய் அவர் மனைவி கையில் கொடுத்தவன் நான். பாக்ஸ் திறக்காமலே கனத்தது. அந்தக் கதை தங்கைக்குத் தெரியும். சமையலறை வாசலில், ஈரக்கையைத் துடைக்காமல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஆயில் போல்ட் இறுகியிருந்தது. மாப்பிள்ளை ஸ்பேனரைப் போட்டு முக்கி இழுத்தார். கார் ஆடியது. வலப்பக்கக் கல்லிலிருந்து மாவு மாதிரி கொஞ்சம் உதிர்ந்தது.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வெளிய வந்துட்டுப் போனீங்கன்னா நல்லா இருக்கும்" என்றேன்.

"இருங்க மச்சான், இப்பதான் அசையுது."

அசைந்தது போல்ட் இல்லை.

"தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை, அந்தக் கல்லு..."

"ஒரு நிமிஷம்."

"மாப்பிள்ளை, தயவு செஞ்சு..."

"அட, இருங்களேன்."

மறுபடியும் இழுத்தார். கல்லின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடியது. எனக்கு உயிரே போய்விட்டது. அப்போது என் வாயில் வந்தது வீட்டுக் குரல் இல்லை, டிப்போக் குரல்.

"டேய், வெளிய வாடா."

ஸ்பேனர் கீழே விழுந்தது. சர்ரென்று பலகை உருண்டது. மாப்பிள்ளை இத்தனை வேகமாக எழுந்து நான் பார்த்ததே இல்லை. நெற்றி லைட்டை என் கண்ணிலேயே அடித்துக்கொண்டு, கையுறை விரலை நீட்டி முன்னால் வந்தார்.

"என்ன சொன்னீங்க?"

அவருக்குப் பின்னால் கல் பொலபொலவென்று கொட்டியது. கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தடாலென்று உட்கார்ந்தது. பலகை பாதி உள்ளேயே கிடந்தது. அந்தப் பாதி சப்பையாகிவிட்டது. அது அவருடைய நெஞ்சு இருந்த பாதி.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். நெற்றி லைட்டை அணைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அது வேற விஷயம்" என்றார். "நீங்க என்னைய டா போட்டது வேற விஷயம்."

அரை மணி நேரத்தில் விஷயம் அவருடைய அம்மாவுக்குப் போனது. அந்தம்மா உடனே என் அம்மாவுக்குப் போன் செய்தார். கார் விழுந்ததை மகன் சொன்னாரோ இல்லையோ, பேச்சு முழுக்க அந்த ஒற்றை எழுத்துதான். ஸ்கூலில் வாத்தியார்கூட அவரை டா போட்டதில்லையாம். வாத்தியாருக்கு அவரைக் காருக்கு அடியிலிருந்து கூப்பிட வேண்டிய அவசியம் வந்திருக்காது.

"உசுரக் காப்பாத்தின, சரி" என்றாள் என் அம்மா. "கொஞ்சம் மரியாதையா காப்பாத்தியிருக்கக் கூடாதா?"

"மூணு தடவ மரியாதையா கூப்பிட்டேம்மா. வரல."

"நாலாவது தடவையும் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம்ல."

அடுத்த ஞாயிறு நானும் அம்மாவும் போனோம். மாப்பிள்ளை சோபாவின் நடுவில், பக்கத்தில் அவருடைய அம்மா. தங்கை காபி கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாரமாக அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லையாம்.

"அன்னைக்கு வாய் தவறிடுச்சு மாப்பிள்ளை" என்றேன். சொல்லும்போது பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சொன்னேன்.

"பரவாயில்ல மச்சான். நான் மனசுல வச்சுக்கல. இனிமே மட்டும் பார்த்துப் பேசுங்க."

"எம் புள்ளைக்குப் பெரிய மனசு" என்றார் அவருடைய அம்மா.

பெரிய மனசு எழுந்து நின்றது. "வாங்க, அடியில எவ்வளவு அடி வாங்கியிருக்குன்னு காட்டறேன்."

எல்லோரும் ஷெட்டுக்குப் போனோம். கார் மறுபடியும் உயர்ந்து நின்றது. இந்த முறை கல் இல்லை. ஜாக்கி மட்டும். ஸ்டாண்டு பெட்டி அதே அலமாரி மேல், அதே பிளாஸ்டிக் உறையில்.

"ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை தரையில் படுத்தார். தலை உள்ளே போனது, தோளும் போனது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"டேய்."

குரல் என்னுடையது இல்லை. தங்கை வாசற்படியில் நின்றாள். கத்தவில்லை, பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

அவள் மாமியாரின் வாய் திறந்தது. தங்கை அவரைப் பார்க்கவில்லை, காருக்கு வெளியே நீட்டியிருந்த இரண்டு கால்களைத்தான் பார்த்தாள்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்டுக்கறேன்" என்றாள். "முதல்ல வெளிய வாடா."

மாப்பிள்ளை வெளியே வந்தார்.