சின்னவளுக்குக் கொடுத்த பால்

விஜிக்கு ஏழரை மாதத்திலேயே இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் வைத்திருந்து, இரண்டையும் ராஜபாளையத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் கணவன் பிரேம்குமார் நூல் மில்லில் ஃபிட்டர். லீவு போட்டுவிட்டுப் பாட்டில் கழுவுவதிலிருந்து துணி மாற்றுவதுவரை அவனே பார்த்தான்; பால் கொடுப்பது மட்டும் விஜி.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் மத்தியானம் விஜி காய்ச்சலில் அசந்து தூங்கினாள். இரண்டு குழந்தைகளும் ஒரே நேரத்தில் வீறிட்டன. பெரியவளைத் தோளில் போட்டுக்கொண்டு, சின்னவளைத் தொடையில் மல்லாக்கக் கிடத்தி, பாட்டிலை நட்டமாகக் கவிழ்த்துப் பிடித்தான். பால் மடமடவென்று இறங்கியது. பிள்ளை நன்றாகக் குடிக்கிறாளே என்று அவனுக்குச் சந்தோஷம். திடீரென்று புரையேறியது. உதடு நீலம் பாரித்தது. அழுகைகூட வரவில்லை.

ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பால் நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார் டாக்டர். மூன்றாம் நாள் சின்னவள் போய்விட்டாள்.

அதன்பிறகு பிரேம்குமார் பாட்டிலைத் தொடவில்லை. விஜி அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவனை அரித்தது.

மறுமாதம் பெரியவளை எடை பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட நர்ஸ் பாண்டிசெல்வி பாட்டிலை அவனிடம் நீட்டினாள்.

"நீங்க குடுங்கண்ணே."

"என்னால ஏலாது சிஸ்டர்."

அவள் விடவில்லை. குழந்தையை அவன் மடியில் வைத்தாள்.

"ஒருக்களிச்சுப் படுக்கவைங்க. இடுப்பவிடத் தலை மேல இருக்கட்டும். பாட்டில நட்டமாப் பிடிக்காதிய, படுத்தாப்புல பிடிங்க. நாலு வாய் குடிச்சதும் செத்த நேரம் நிப்பாட்டுங்க. உறிஞ்சி, முழுங்கி, மூச்சும் விடணும்லா? கொறமாசப் பிள்ளைக்கு மூணும் ஒண்ணாக் கூடிவராது."

அவள் சொன்னபடியே பிடித்தான். குழந்தை நிதானமாகக் குடித்தது.

"இப்படிக் குடுத்திருந்தா அவ இருந்திருப்பாளா, சிஸ்டர்?"

விஜிதான் பேசினாள்.

"இப்படித்தான் குடுக்கணும்னு வீட்டுக்கு அனுப்புன அன்னைக்கே எனக்குச் சொல்லித் தந்தாங்க. நீங்க ஆட்டோ பிடிக்கப் போயிருந்திய. வந்து சொல்லணும்னு நெனச்சேன். சொல்லாமலே விட்டுட்டேங்க. இம்புட்டு நாளும் எப்படி வாயத் தொறப்பேன்?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். குழந்தை உறிஞ்சுவதை நிறுத்தி மூச்சு வாங்கியது. பாட்டிலை விலக்கிவிட்டு, அந்தக் கையால் விஜியின் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டான். சின்னவளை அடக்கம் செய்த அன்று தனித்தனியே அழுதவர்கள், இப்போதுதான் சேர்ந்து அழுதார்கள்.