அடகு வைத்த படம்

முப்பத்தெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபா. வாழைச்சேனையில் மரம் அரிந்து விற்கும் மரக்காலை வைத்திருக்கும் முனாப் நானாவுக்கு, அங்கே பலகை தூக்கும் றெக்ஸ் கொடுக்கவேண்டிய கடன் அது. அவன் மகள் ஜனினுக்குப் பதினொரு வயது. ஒரு நாள் காலை இடது கண் புகைமூட்டமாய்ப் போக, மூளையை எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வரும்வரை காத்திருக்கப் பயந்து, நானாவிடம் கடன்பட்டு வெளியில் தனியாரிடம் எடுத்தான். டொக்டர் பார்த்தார். கண்ணும் மெல்லத் தெளிந்தது.

வெறுங்கையோடு கடன் வாங்குவது பிச்சைக்குச் சமம் என்பது றெக்ஸின் பரம்பரைப் பிடிவாதம். மனைவி ஐரீனின் சங்கிலி ஏற்கனவே வங்கியில் அடகில். ஆகவே பார்த்து முடித்த படத்தைக் கவரோடு கொண்டுபோய் ஈடாக நானாவின் மேசையில் வைத்தான். அவ்வளவு காசு கொடுத்து எடுத்த சாமான் அவ்வளவு பெறுமதி இல்லாமலா போகும்?

“இத நான் என்னடா செய்ய? கூரை ஒழுக்குக்கு வெக்கவா?” என்று நானா சிரித்தார். ஆனாலும் காணி உறுதிப் பத்திரங்களோடு இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவைத்தார்.

ஏழு மாதம் போக, ஜனினின் வலது கால் மரத்தது. இந்த முறை ஆஸ்பத்திரியிலேயே படம் எடுத்தார்கள்.

“பழைய படம் எங்க?” என்று டொக்டர் கேட்டார்.

“வீட்டுல கிடக்கு, டொக்டர்.”

ஐரீன் திரும்பிப் பார்த்தாள்.

“அது வேணும். ஒருக்கா வந்து போற வருத்தமும் இருக்கு, திரும்பத் திரும்ப வாறதும் இருக்கு. ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சாத்தான் புதுப் புள்ளி விழுந்திருக்கா எண்டு தெரியும். மருந்தும் அதப் பொறுத்துத்தான்.”

வெளியே வந்ததும் ஐரீன் வெடித்தாள். “புள்ளட தலையக் கொண்டுபோய் ஈடு வெச்ச மனுசன் மட்டக்களப்பில நீங்க ஒராள்தான்!”

“கடனக் குடுக்காம ஈட்டக் கேக்கிறது எப்பிடி?” என்று முனகியபடியே வாழைச்சேனைக்கு பஸ் ஏறினான் றெக்ஸ்.

“நானா, ரெண்டு கிழமைச் சம்பளத்தப் புடிச்சிப்போட்டு அந்தப் படத்தத் தாங்க.”

“விசராடா ஒனக்கு? கேக்கிறதுக்கு வாய் இரிக்கில்ல?” நானா பெட்டியைத் திறந்தார். “கொண்டு போ. கடன் கிடக்கட்டும், மறுகா பாப்பம்.”

மறுநாள் டொக்டர் இரண்டு படத்தையும் வெளிச்சத்தில் மாட்டினார். பழையதில் வெள்ளைப் புள்ளி மூன்று. புதியதில் ஐந்து. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையைத் தின்னும் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். சாகிற வருத்தம் இல்லையாம். ஆனால் விட்டும் போகாதாம். வருடக்கணக்காய் மருந்து.

“என்ட மூக்க வெட்டிப்போட்டு எடுத்திருக்காங்க, டடா” என்று படத்தைப் பார்த்துச் சிரித்தாள் ஜனின்.

சனிக்கிழமை நானா கேட்டார். “என்னவாம்?”

“புதுசா ரெண்டு, நானா.”

நானா கடன் கொப்பியை விரித்து, றெக்ஸின் பெயர் இருந்த வரியின் குறுக்கே கோடு இழுத்தார். அங்கே வேலை செய்த பதினாறு வருடத்தில் அந்தக் கொப்பியில் அப்படிக் கோடு விழுந்து அவன் கண்டதெல்லாம் சாவு விழுந்த வீட்டுக் கணக்கில்தான்.

“வேணாம் நானா. புள்ள சாகாது எண்டு டொக்டர் சொன்னவர். மாசம் ஆயிரமாவது தாறன்.”

“சாவெண்டு ஆரு சொன்ன? நீ இனி மருந்துக்கு ஓடோணும்.”

“திரும்ப எழுதுங்க, நானா.”

நானா கொப்பியை மூடி மேசை லாச்சிக்குள் போட்டார்.

“முடிஞ்சிரிச்சி. போ, லொறி வந்து நிக்கிது.”