ஜெயித்தால் நானூறு, தோற்றால் நூறு

ஆல்டர்ஷா ரக்பி லீக் கிளப்பின் தலைவர் கீத் பிக்கர்ஸ்கில் நல்ல மனிதர். டைல்ஸ் கடைக்காரர். ஒரு குளியலறைக்கு எத்தனை டைல்ஸ் வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். தன்னுடைய அணி ஒரு வருஷத்தில் எத்தனை ஆட்டம் ஜெயிக்கும் என்பதில்தான் கோட்டை விட்டார். போன வருஷம் ஆறு, அதற்கு முந்தின வருஷம் ஏழு. ஆகவே இந்த வருஷத்துக்கு எட்டு என்று வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர்களிடம் அந்தப் பக்கத்து வழக்கப்படி சம்பளம் பேசினார். ஜெயித்தால் ஆளுக்கு நானூறு பவுண்டு, தோற்றால் நூறு. தோற்பதற்கு நூறு என்றதும் பையன்கள் முகம் சுளித்தார்கள், ஜெயிப்பதற்கு நானூறு என்றதும் கையெழுத்துப் போட்டார்கள். எட்டுதானே என்று கீத்தும் சந்தோஷமாகப் போட்டார்.

பையன்கள் பதினைந்து ஆட்டம் ஜெயித்துத் தொலைத்தார்கள்.

கடைசி லீக் ஆட்டத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, கிளப்பின் மேலாளர் லொரெய்ன் ஓல்ட்ராய்ட் அவரை ஆபீசில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். முப்பது வருஷமாக அந்த ஆபீசில் இருப்பவள். டிக்கெட் கிழிக்கிற வேலையில் சேர்ந்து, சம்பளக் கணக்கு எழுதி, இரண்டு வருஷமாக மேலாளர். வங்கியில் இருப்பது பத்தொன்பதாயிரத்து எழுநூறு பவுண்டு. ஆட்டம் முடிந்து வருகிற புதன்கிழமை வரி ஆபீசுக்குக் கட்ட வேண்டியது பதினெட்டாயிரம். அது தவறினால் அவர்கள் நீதிமன்றத்துக்குப் போய்க் கிளப்பை இழுத்து மூடிவிடுவார்கள், கடிதத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை தோத்தா பதினேழு பேருக்கு ஆயிரத்து எழுநூறு. சரியா இருக்கு. ஜெயிச்சா ஐயாயிரத்து நூறு துண்டு விழுது," என்றாள்.

கீத் கையைப் பிசைந்தார். "அப்போ... ரெண்டாம் டீம் பசங்களை இறக்கி விட்டுடலாமா? சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

"பேச்சுக்குக்கூடச் சொல்லாத கீத். அதுவும் ஆத்துக்கு அக்கரையில இருக்கற கிர்க்பெக்குக்கிட்டயா தோக்கணும்? தோத்தா நாலாவது இடம் போச்சு, ப்ளே-ஆஃப் நாக்-அவுட் ஆட்டம் நம்ம மைதானத்துல நடக்காது. அந்த ஒரு ஆட்டத்துல முப்பதாயிரம் வரும். அது வரலேன்னா கிறிஸ்துமஸுக்குள்ள நாமே பூட்டுப் போட்டுடுவோம், வரி ஆபீஸ்காரன் வரவே வேணாம்."

"அப்போ ஜெயிச்சாலும் சாவு, தோத்தாலும் சாவு."

"ஜெயிக்கிறோம். துண்டு விழறதை நான் பாத்துக்கறேன். நீ வீட்டுக்குப் போய் டீ குடி."

அவளிடம் அப்போது ஒரு யோசனையும் கிடையாது. ஆனால் லொரெய்ன் பாத்துக்கறேன் என்று சொன்னால் ஆல்டர்ஷாவில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. யோசனை மறுநாள் மத்தியானம், இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' ஒன்று வாங்க இறைச்சிக் கடை வரிசையில் நின்றபோது வந்தது.

வியாழன் சாயங்காலப் பயிற்சி முடிந்ததும் உடை மாற்றும் அறைக்கே போய்ப் பையன்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். பாதிப் பேர் இடுப்பில் துண்டோடு நின்றார்கள். இவர்கள் எல்லோருக்கும் வாரத்தில் ஐந்து நாள் வேறு வேலை உண்டு. வேன் ஓட்டுகிறவன், பள்ளி ஆசிரியன், வெல்டர். அந்த நானூறில்தான் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் ஷூவும் நடக்கிறது.

"ஆளுக்கு நூறு கிளப் தரும். மீதி முன்னூறை ஊர் தரும், ஜெயிச்சா மட்டும்," என்றாள். "கிளப் ஹவுஸ்ல ஒரு பலகை வைக்கப்போறேன். உங்க பதினேழு பேர் பேரும் இருக்கும். யார் யாரை எடுத்துக்கறாங்களோ அவங்க பேரை எதிர்ல எழுதுவாங்க. ஞாயித்துக்கிழமை ஜெயிச்சு வந்தா உங்க கையிலயே கொடுப்பாங்க."

கேப்டன் கியரன் டஃப்ட் குழாய் வேலை செய்கிறவன், கதவளவு அகலம். அவன்தான் முதலில் பேசினான்.

"எனக்குச் சரிதான். ஆனா பதினேழு பேருக்கும் வரணும். ஒருத்தனுக்கு வரலேன்னாலும் யாருக்கும் வேணாம், ஒப்பந்தப்படி நானூறும் கிளப்தான் தரணும். சனிக்கிழமை மூணு மணிக்கு வந்து பலகையைப் பாப்பேன். அப்புறம், ஆபீஸ் ஆளுங்க எழுதக் கூடாது. நீங்களும் எழுதக் கூடாது, கீத்தும் கூடாது. அது எங்க பாக்கெட்லேர்ந்து எடுத்து எங்களுக்கே கொடுக்கிற கதை."

"எழுத மாட்டேன் கண்ணு. எழுத வேண்டிய அவசியமும் வராது," என்றாள் லொரெய்ன்.

அறையின் மூலையில் கல்லம் சைக்ஸ் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் நிமிரவில்லை. அவள் கண்ணும் அந்தப் பக்கம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பலகை நிரம்பத் தொடங்கியது. கியரனை இறைச்சிக் கடை நெவில் ஹேக் முதல் ஆளாக எடுத்தார். வெல்டரை அவன் படித்த பள்ளிக்கூடம் எடுத்தது. பஸ் டிப்போக்காரர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒருவனை எடுத்து, பேர் எழுத இடமில்லாமல் பலகையின் ஓரத்தில் எழுதினார்கள். முடிதிருத்தும் கடை, மீன் வறுவல் கடை, ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர்கூட. உங்களுக்கு எதற்கு என்று கேட்டதற்கு, "கிளப்பையும் நானே அடக்கம் பண்ண வேண்டாம்னுதான்" என்றார். லொரெய்னுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த ஊரை அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலையில் பதினாறு பெயர்களுக்கு எதிரே ஆள் இருந்தது. கல்லம் சைக்ஸுக்கு எதிரே ஒன்றுமில்லை.

அவன் ஆல்டர்ஷாவில் பிறந்தவன். நாலு வருஷத்துக்கு முன் ஆற்றைத் தாண்டிக் கிர்க்பெக் அணிக்குப் போய்விட்டான். உலகத்தில் வேறு எந்த அணிக்குப் போயிருந்தாலும் ஊர் வாழ்த்தி அனுப்பியிருக்கும். இந்த வருஷம் திரும்பி வந்தும், ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொல்லும்போது ஒரு கைதட்டல் கிடையாது. ஊரே அவனைப் பற்றி ஒரே வாக்கியத்தைச் சொன்னது: காசு எங்கேயோ அங்கே போனவன். அந்த வாக்கியத்தை முதன்முதலில் நெவிலின் கடையில் நின்று சொன்னவள் லொரெய்ன்தான். அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

பகல் ஒரு மணிக்கு ஆர்னல்ட் கிரேவ் வந்தார். கிர்க்பெக்கின் தீவிர ரசிகர், எழுபது வயது, வாயைத் திறந்தால் வம்பு. மறுநாள் ஆட்டம் அவர்கள் மைதானத்தில் என்பதால், ஆல்டர்ஷாக்காரர்களுக்கான டிக்கெட் கட்டுகளைக் கொண்டுவந்திருந்தார். கிளப் ஹவுஸில் கூட்டம். எல்லோரும் பை சாப்பிட்டுக்கொண்டே ஒரு வாய் அவரைத் திட்டினார்கள். அவரும் வஞ்சகமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பலகை முன் வந்து நின்றார்.

"கல்லமுக்கு ஏன் காலி?"

"உங்க ஊருக்கு ஓடினவனுக்கு இங்க யார் எழுதுவா?" என்றாள் லொரெய்ன்.

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுக் கூரை அவன்தான் மாத்திப் போட்டான் லொரெய்ன். வேலைக்கு நடுவுல டீ குடிக்கிறப்போ பேசுவோம். ஏன்டா ஆல்டர்ஷாவை விட்டு வந்தேன்னு நான்தான் ஒருநாள் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டேன். பதினொரு வாரம் சம்பளம் வரலை, வீட்டுக்காரம்மா மாசமா இருந்தான்னான். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசலை. உனக்குத் தெரியாதா? சம்பளக் கணக்கு அப்போ நீதானே எழுதினே?"

லொரெய்ன் பலகை ஓரத்துச் சாக்பீஸைக் கையில் எடுத்து உருட்டினாள்.

"சரி விடு," என்று பர்ஸை எடுத்தார். "என் பேரை எழுதிக்கோ. முன்னூறுதானே. நாளைக்கு நாங்கதான் ஜெயிக்கப்போறோம், காசு எனக்கு மிச்சம். அப்புறம் நீங்க மூடிட்டுப் போய்ட்டா கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பாக்சிங் டே ஆட்டத்துல நான் யாரைத் திட்டறது? தொண்டை துருப்பிடிச்சுடும்."

மணி ஒன்றரை. அவர் பெயரை எழுதினால் பலகை நிரம்பிவிடும். கியரன் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவான். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. சாக்பீஸ் அவள் கையில் இருந்தது. அவளுக்கு அவமானமாக இருந்தது. தன் ஊர்ப் பையனுக்குக் கூலி கொடுக்க அடுத்த ஊர்க்காரன் பர்ஸைத் திறக்கிறான், அதுவும் அவள் வாயால் வந்த வினைக்கு.

"பர்ஸை உள்ள வை ஆர்னல்ட்," என்றாள்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். ஐம்பத்தெட்டு வயதில் நாற்காலி ஏறுகிற பெண்ணைப் பார்த்ததும் கூட்டம் தானாக அடங்கியது.

"கல்லம் சைக்ஸ் பத்தி ஒண்ணு சொல்லணும்," என்றாள். "நாலு வருஷம் முன்னாடி இந்தக் கிளப் அவனுக்குப் பதினொரு வாரம் சம்பளம் தரலை. அப்போ கிளப்புல காசில்லை. வெளிய தெரிஞ்சா விளம்பரம் தர்றவங்க ஓடிடுவாங்கன்னு மறைச்சோம். அவன் மூணு தடவை ஆபீசுக்கு வந்து கேட்டான். நாலாவது தடவை வரலை, கிர்க்பெக்குக்குப் போய்ட்டான். காசு எங்கேயோ அங்க போனான்னு ஊர்ல சொன்னது நான். நான்தான் சொன்னேன். அவன் இன்னைக்கு வரைக்கும் திருப்பி ஒண்ணும் சொல்லலை."

யாரோ கரண்டியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. இறங்க வழியில்லாமல் அவள் அங்கேயே நின்றாள். இந்த ஊரில் தனக்கு இருந்த பேர் இந்த நிமிஷத்தோடு போயிற்று என்று நினைத்தாள். போனால் போகட்டும், சொல்லியாயிற்று.

நெவில் ஹேக் எழுந்து வந்தார். முகம் அவர் கடை ஈரல் நிறத்தில் இருந்தது.

"நாலு வருஷமா அவன் கடைக்கு வந்தா முதுகைத் திருப்பிக்கிட்டு நின்னேன் லொரெய்ன். அவன் பொண்டாட்டி வந்தாலும்தான். எல்லாம் உன் பேச்சைக் கேட்டு."

"ஆமா."

"கீழ இறங்கு. விழுந்து தொலைச்சா நாளைக்கு யாரு பஸ்ஸுக்குச் சொல்றது?" அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, அதே கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கினார். கியரனுக்கு எதிரே ஏற்கெனவே இருந்த தன் பெயரை விட்டுவிட்டு, கல்லமுக்கு எதிரே இன்னொரு தடவை எழுதினார். எழுத்து பெரிதாக, கோணலாக வந்தது. பின்னாலேயே மீன் வறுவல் கடைக்காரர் எழுந்தார், டிப்போக்காரர்கள் எழுந்தார்கள். மூன்று மணிக்குக் கியரன் வந்தபோது கல்லமுக்கு எதிரே ஒன்பது பெயர்கள் இருந்தன.

"அப்போ என் காசு?" என்று கேட்டார் ஆர்னல்ட்.

"ஒரு பை வாங்கித் தின்னுட்டுப் போ," என்றாள் லொரெய்ன்.

ஞாயிற்றுக்கிழமை கிர்க்பெக்கில் ஆல்டர்ஷா இருபதுக்குப் பதினெட்டு என்று ஜெயித்தது. அழகான ஆட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சேற்றில் எண்பது நிமிஷம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கடைசி நிமிஷத்தில் கிர்க்பெக் பையன் ஒருவன் மூலையில் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து ஜெயிக்கப் போனபோது, கல்லமும் கியரனும் சேர்ந்து அவனைப் பந்தோடு தூக்கி வெளியே போட்டார்கள். பார்வையாளர் பக்கத்தில் நெவில் ஹேக் கல்லமின் பெயரைச் சொல்லிக் கத்தினார். வேறு பலரும் கத்தினார்கள். கீத் பிக்கர்ஸ்கில், தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, செலவைப் பற்றி நினைக்காமல், ஜெயித்ததற்காக அழுதார்.

சாயங்காலம் கிளப் ஹவுஸில் உறைகள் கை மாறின. சம்பளத்தை ஊர்க்காரர் கையிலிருந்து நேராக வாங்குவது பையன்களுக்குக் கூச்சமாக இருந்தது. கொடுத்தவர்களுக்குத்தான் தலைகால் புரியவில்லை. நெவில் கல்லமிடம் உறையோடு ஒரு பொட்டலம் மாட்டிறைச்சியையும் திணித்து, "வீட்டம்மாவை நாளைக்குக் கடைக்கு வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

லொரெய்ன் எல்லோரும் நகரும்வரை காத்திருந்தாள். வரி கட்டிவிடலாம், அடுத்த ஞாயிறு ப்ளே-ஆஃப் தங்கள் மைதானத்தில், முதல் இரண்டு மணி நேரத்தில் எண்ணூறு டிக்கெட் போய்விட்டது. கிளப் பிழைத்துக்கொண்டது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கல்லம் முன்னால் போய் நிற்பதற்குத்தான் கால் வரவில்லை. இருந்தாலும் போனாள்.

"அந்தப் பதினொரு வாரத்தையும் ப்ளே-ஆஃப் முடிஞ்சதும் தர்றேன். எழுதி வச்சுட்டேன். நான் சொன்னதுக்கு... மன்னிச்சுக்கோ கண்ணு. நீ காசுக்காகப் போகலைன்னு இப்போ எல்லாருக்கும் தெரியும்."

கல்லம் உதட்டில் தையல் போட்டிருந்தது. சிரிக்க முடியாமல் சிரித்தான்.

"அதையும் மாத்திச் சொல்லாதீங்க, மிஸஸ் ஓல்ட்ராய்ட். காசுக்காகத்தான் போனேன். வாடகை கட்டணுமே." பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கோட்டை எடுத்தான். "திரும்பி வந்ததுதான் காசுக்காக இல்ல. அங்க இதைவிட நல்லாவே குடுத்தாங்க."