கூடுகள் குறைந்த கண்ணாடிக் காடு

காவிரி ஒருபுறமும் கொள்ளிடம் மறுபுறமும் மணலாய்க் கிடக்க, திருவரங்கத் தீவின் கோபுரங்கள் கானலில் நடுங்கும் சித்திரை முற்பகலில், அத்தீவின் மேற்கோரத் தனியார் தோட்டத்துக் கண்ணாடி மனைக்குள் மட்டும் மழை ஓயாது தூறிக்கொண்டிருந்தது. படிப்பவரே, மேற்குமலையின் மழைக்காட்டையே அங்குப் பெயர்த்து வைத்திருந்தார்கள்: மரங்கள் கவிழ்ந்து வானை மறைக்க, மண்ணறியாத மலர்ச்செடிகள் கிளைதோறும் தொற்றிப் பூக்க, பெரணியடியில் தவளைகள் கறகறக்க, மூச்சும் வியர்க்கும் புழுக்கம் எங்கும் நிறைந்திருந்தது.

அப்புழுக்கத்தினும் கனத்த ஐயமொன்று பிச்சைமுத்துவின் நெஞ்சில் இருந்தது. கிளைகளில் தொங்கிய அந்துப்பூச்சிக் கூடுகள் நாற்பதில் இருபத்து மூன்றைக் காணோம். ஒரு வாரத்துக்குள் கள்வர் அகப்படாவிட்டால், பெருக்கும் அவரையும் நீர் தெளிக்கும் பாக்கியமேரியையும் சேர்த்தே நீக்குவதாகப் பொறுப்பாளர் இளவேனில் சொல்லிவிட்டாள். தாம் எடுக்கவில்லை; அப்படியானால் எடுத்தது பாக்கியமேரிதான். பட்டுக்கூடென்று வாங்குவோரும் உண்டே!

“என்ன மேரி, சோத்துப்பை போறப்பவும் கனமாவே இருக்கு?”

“உங்க கண்ணு பட்டுத்தாண்ணே கனக்குது. தலைய உள்ள விட்டுப் பாருங்க, நேத்து ரசம்தான் மணக்கும்.”

அந்தச் சிரிப்பும் அவருக்குக் கள்ளச் சிரிப்பாகவே பட்டது. மறுநாள் பிற்பகல், “அவங்க பைய பாருங்கம்மா” என்று இளவேனிலிடம் சொல்லிவிட்டார். எல்லார் முன்னும் பை கொட்டப்பட்டது. தூறலில் நனைந்து மாற்றிய ஈரப் புடவையும், கழுவிய கிண்ணமும் விழுந்தன. பாக்கியமேரி அவற்றைப் பொறுக்கிக்கொண்டு, வேலையை விட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

சற்று நேரத்தில் பிச்சைமுத்து சருகுக் கூடையைக் குப்பைக்குழியில் கவிழ்க்கையில், காய்ந்த இலையொன்று அசைந்தது. பிளந்தது. உள்ளிருந்து, கசங்கிய செந்நிறச் சிறகொன்று ஈரத்தோடு வெளிவந்தது. இலையையே போர்வையாய்ச் சுற்றி அந்துப்பூச்சியின் புழு கூடு கட்டும். இலை உதிர்ந்தால் கூடும் உதிரும். தன் சருகைத் தானே தின்று வாழும் காட்டை, ஒரு சருகும் தரையில் கிடக்கப் பொறுக்காத அவர் கை நாள்தோறும் வாசலைப் போலப் பெருக்கி, கூடுகளையும் சேர்த்தே தள்ளியிருந்தது.

கூடையோடு ஓடினார். பேருந்துப் படியில் கால்வைத்திருந்தாள் அவள்.

“மேரி, தப்பு என்னோடது. நான்தான் அள்ளிக் கொட்டியிருக்கேன். நான் போய்ச் சொல்லிடறேன், நீ வந்துரு.”

அவள் கூடைக்குள் பார்த்தாள்.

“சொல்லுங்கண்ணே. ஆனா அத்தனை பேர் முன்னாடி என்னைக் கொட்டினீங்களே, அதை யார் அள்றது?”

பேருந்து புழுதி கிளப்பிப் போயிற்று. தம் பிழைப்பும் அத்தோடு போகுமென அறிந்தே, உலராச் சிறகு நசுங்காதபடி கூடையை மார்போடு அணைத்து, இளவேனிலின் அறை நோக்கி அவர் நடந்தார். அயலார் கையை அத்தனை கூர்ந்து பார்க்கும் ஐயம், தன் கையை மட்டும் எப்போதும் பிந்தியே பார்க்கிறது.