ஹெர்பர்ட் பாஸின் வாள்

நோபர்ட் மாஸ்டருக்குச் சோறு போட்டது வயலின். ஆனால் அவருடைய ஆசை எப்போதும் வேறு எதன் மீதாவது இருந்தது. மாத்தளைக் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசைக்கும் ஊர்க் கல்யாணங்களுக்கும் வயலின் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், யாரும் வாசிக்காத சாமான்களைத்தான் மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். பித்தளைக் குழாய் பொருத்திய வயலின் ஒன்று, கட்டைகளை அமுக்கி வாசிக்கிற புல்புல்தாரா ஒன்று, தோட்டத்து பங்களா ஏலத்தில் எடுத்த, பெயர்கூடத் தெரியாத தந்தி வாத்தியம் ஒன்று. "இதுல ஒண்ணாவது பூசைக்கு ஆகுமா?" என்று மனைவி மரிய கொறற்றி கேட்பாள். அவர் காதில் விழாது.

தொண்ணூறாம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு பிற்பகல், வானொலியில் ஒரு பெண் பாடுவது கேட்டது. சொற்களே இல்லாத பாட்டு. மாஸ்டர் கையில் எடுத்த தேநீரைக் குடிக்காமல் நின்றார். முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்னார், பாடியது பெண் அல்ல, தச்சர்கள் மரம் அறுக்கிற வாள். வாளை முழங்கால்களுக்கிடையில் இடுக்கி வளைத்துக்கொண்டு, பல் இல்லாத பக்கத்தில் வயலின் வில்லை இழுத்து வாசிக்கிறார்களாம்.

மறுநாளே மாஸ்டர் வில்லோடு பதுர்தீன் நாநாவின் இரும்புக்கடைக்குப் போனார். கடையில் இருந்த வாள்களையெல்லாம் ஒவ்வொன்றாக வளைத்து இழுத்துப் பார்த்தார். ஆணி வாங்க வந்தவர்கள் ஆணியை மறந்து அவரைப் பார்த்தார்கள். எல்லா வாளும் கீச்சென்று கத்தி அடங்கியது.

"இப்ப வாறது எல்லாம் தகரம், மாஸ்டர்" என்றார் பதுர்தீன். "பழைய இங்கிலாந்து உருக்குல ஒண்டு இருந்திச்சி. இரத்தோட்டைப் பக்கம் ஹெர்பர்ட் பாஸ்ட வாளு. விரலால சுண்டினா மணி மாதிரி நிண்டு கேக்கும்."

ஹெர்பர்ட் தோட்டத்தில் தச்சுவேலை செய்தவர். கைவேலை தெரிந்த எல்லோரையும் போல அவரையும் ஊர் பாஸ் என்றே கூப்பிட்டது. முந்தின வருஷம் நவம்பரில் ஆணி வாங்கக் கடைவீதிக்கு வந்தவரை, இலக்கத் தகடு இல்லாத ஜீப்பில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். யாரென்று யாருக்கும் தெரியாது. போய்க் கேட்ட இடமெல்லாம் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். கிளர்ச்சியை அடக்கின அந்த வருஷம் ரோட்டோரத்தில் எரிந்த உடல்களையும் ஆற்றில் மிதந்து வந்த உடல்களையும் பார்த்தவர்கள், இன்னும் அதைப் பற்றிக் குரலை உயர்த்திப் பேசுவதில்லை.

இதெல்லாம் மாஸ்டருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் மனம் அந்த வாளையே சுற்றியது. சனிக்கிழமை இரத்தோட்டை பஸ் ஏறினார்.

தோட்டத்து லயத்து வீட்டின் முன் இஸ்தோப்பில் ஹெர்பர்ட்டின் மனைவி ஜோசப்பின் உளிகளைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். தச்சு ஆயுதங்கள் எல்லாம் சுவரில் வரிசையாக, துரு இல்லாமல் தொங்கின. புருஷனுக்காக அவள் ஒரு பூசைகூட ஒப்புக்கொடுக்கவில்லை. வரப்போகிறவருக்கு எதற்கு இறந்தோர் பூசை என்று பாதரிடமே கேட்டவள் அவள்.

அவள் தேத்தண்ணி போட உள்ளே போனதும் மாஸ்டர் சுவரில் தொங்கிய வாளை நகத்தால் சுண்டினார். நாநா சொன்னது சரி. ஓசை எழுந்து, இஸ்தோப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, போக மனமில்லாதது போல நின்றது. அவள் தேத்தண்ணியோடு வெளியே வந்தாள்.

"கோயில் கூரைக்குப் பலகை அறுக்கணும், தங்கச்சி. நல்ல வாளு கிடைக்கல்ல" என்றார். வாயில் வந்த பொய். வாசிக்கக் கேட்டால் தரமாட்டாள் என்று பயம்.

ஜோசப்பின் வாளைக் கழற்றித் துணியால் ஒரு தடவை துடைத்தாள். "அவரு வந்தா மொதல்ல இதத்தான் தேடுவாரு. கோயில் வேலைங்கிறதால குடுக்கிறேன். அவரு வந்தோடன திருப்பித் தந்துறணும் மாஸ்டர்."

"கட்டாயம்" என்றார் அவர்.

ஒரு மாதம் கல்யாண வாசிப்பையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டு அதோடேயே கிடந்தார். எங்கே வளைத்தால் ஓசை ஏறும், எங்கே தளர்த்தினால் இறங்கும் என்று கை கற்றுக்கொண்டது. கால் இலேசாக நடுங்கினால் வாளும் நடுங்கியது. வானொலியில் கேட்டதைப் போல அது பாடவில்லை. அது பெண்குரலும் அல்ல. தூரத்தில், பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து, யாரோ ஒருவன் வாயைத் திறந்து ஒரு பெயரைத் தொடங்கி, முடிக்காமல் விடுவது போல இருந்தது.

"இது பாட்டு இல்லங்க" என்றாள் கொறற்றி. "யாரோ கூப்பிடுறாங்க. எனக்கு வீட்டுல இருக்க முடியல்ல."

ஒரு நாள் மாலை நாலு மணிக்கு அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது, கேட்டைத் தள்ளிக்கொண்டு தெருக்கோடி லீலாவதி அம்மா வந்தார். உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகனும் ஹெர்பர்ட் போன அதே மாதம் போனவன். செருப்பில்லாமல் வந்திருந்தார்.

"உள்ளே யார் இருக்கிறார்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

மாஸ்டர் வாளைக் காட்டினார். அந்த அம்மா நம்பவில்லை. அறைக்குள் வந்து கதவுக்குப் பின்னால் பார்த்தார், குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். மாஸ்டர் ஒரு தடவை இழுத்துக் காட்டினார். லீலாவதி அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு தினமும் நாலு மணிக்கு வந்து படியில் உட்கார்ந்தார்.

மாஸ்டருக்குப் பயமாக இருந்தது. ஆனால் உள்ளே, சொல்ல வெட்கப்படுகிற ஒரு பெருமையும் இருந்தது. இருபத்தைந்து வருஷம் வயலின் வாசித்தும், இப்படி ஒருவரும் அவரைக் கேட்டதில்லை.

அந்தப் பெருமைதான் அவரைக் கல்லறைத் திருநாளன்று வாளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பட வைத்தது. பாதர் கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்த பிறகு, மாஸ்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வில்லை எடுத்தார். மெழுகுவர்த்திகளோடு நின்ற சனம் பேச்சை நிறுத்தியது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்த மாஸ்டர், யாரோ முன்னால் வந்து நிற்பது போல இருக்கவே கண்ணைத் திறந்தார்.

ஜோசப்பின். தன் தகப்பனின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொளுத்த வந்திருக்கிறாள்.

"கோயில் கூரைக்குப் பலகை அறுத்தாச்சா மாஸ்டர்?" என்றாள்.

வில் நின்றது.

"நிப்பாட்டாதீங்க. வாசிங்க."

அவர் வாசித்தார். அந்த முடியாத பெயர் எழுந்து எழுந்து அறுந்தது. மெழுகு உருகி விரலில் வழிவதைக்கூட உணராமல் ஜோசப்பின் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "இத்தன நாளு தொடைக்கிறேன், ஒரு நாளும் இப்பிடி அழுவல்ல. அவரு உசுரோட இருந்தா இது அழுமா?" என்று சொல்லிவிட்டு, நேராகப் பாதரிடம் போய் ஹெர்பர்ட்டின் பெயரில் ஒரு இறந்தோர் பூசை வேண்டும் என்றாள்.

மாஸ்டர் பின்னாலேயே ஓடினார். "தங்கச்சி, இது வெறும் உருக்கு. வளைச்சு இழுத்தா சத்தம் வரும், அவ்வளவுதான். ஹெர்பர்ட்டுக்கு என்ன ஆச்சின்னு இதுக்குத் தெரியாது."

"தெரியும் மாஸ்டர். எனக்கும் தெரியும். நாந்தான் காதப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

அடுத்த சனிக்கிழமை பூசை நடந்தது. பெட்டி இல்லை, உடல் இல்லை. பீடத்துக்கு முன்னால் கறுப்புத் துணி விரித்த ஒரு மேசை மட்டும். ஜோசப்பின் வெள்ளைச் சேலையில் வந்திருந்தாள். வாளைத்தான் வாசிக்க வேண்டும் என்று அவள் கேட்டதால் மாஸ்டர் வாசித்தார். கடைசி வாங்குப் பலகையில், கோயிலுக்கே வந்து பழகாத லீலாவதி அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் தமிழ்ப் பிரசங்கத்தை எந்த அளவுக்கு விளங்கிக்கொண்டாரோ தெரியாது. ஆனால் அழுகிறவர்களையும் வாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

முடிந்ததும் மாஸ்டர் வாளை நீட்டினார். ஜோசப்பின் வாங்கவில்லை.

"லயத்துல வச்சா மறுபடி தொடைக்க ஆரம்பிச்சிருவேன். நீங்களே வச்சிக்கங்க."

வேண்டுமென்று அலைந்த சாமான் சொந்தமாகிவிட்டது. மாஸ்டர் அதைத் துவாயில் சுற்றி அலுமாரிக்கு மேலே போட்டார். நாலு மணிக்கு வீடு சும்மா இருந்தது. கொறற்றி நிம்மதியாக இருந்தாள்.

நான்காம் நாள் மாலை கேட் திறந்தது. லீலாவதி அம்மா ஒரு சாக்கில் எதையோ சுற்றிக் கொண்டுவந்திருந்தார். படியில் வைத்துப் பிரித்தார். மண்வெட்டி. ஓரத்தில் காய்ந்த மண் அப்படியே ஒட்டியிருந்தது.

"மகனுடையது. வீட்டு வளவில் மிளகாய் போட்டானே, அதற்கு வாங்கினது" என்றார். "இதையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்."

மாஸ்டர் மண்வெட்டியைத் தொட்டுப் பார்த்தார். அரை விரல் கனமான இரும்பு. வளையாது. எந்த வில்லாலும் இதில் நாதம் எழுப்ப முடியாது. அதைச் சொல்லத்தான் நிமிர்ந்தார். லீலாவதி அம்மா இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு காத்திருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

மாஸ்டர் உள்ளே போய் வில்லை எடுத்துவந்தார். மண்வெட்டியை முழங்காலில் இடுக்கி, வில்லை ஓரத்தில் வைத்து இழுத்தார். உரசல். இன்னொரு தடவை அழுத்தி இழுத்தார். காய்ந்த மண் பொடியாக உதிர்ந்து அவர் உடுத்திருந்த சாரத்தில் விழுந்தது. அவ்வளவுதான்.

லீலாவதி அம்மா இன்னும் கொஞ்ச நேரம் காது கொடுத்தபடி இருந்தார். பிறகு மெல்ல மூச்சு விட்டார். ஒரு வருஷமாக இறுகிக் கிடந்த முகம் இளகியது.

"அழவில்லை" என்றார். "அப்படியென்றால் பிள்ளை இருக்கிறான்."

கொறற்றி குசினி வாசலில் வந்து நின்றாள். அவள் கண் மாஸ்டரை உண்மையைச் சொல்லுங்க, சொல்லுங்க என்றது. அவர் வாயைத் திறந்தார். கல்லறைத் தோட்டத்தில் ஜோசப்பினிடம் உண்மையைச் சொல்லியும் அவள் கேட்காதது நினைவுக்கு வந்தது.

லீலாவதி அம்மா மண்வெட்டியைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிச் சாக்கில் சுற்றினார். அடுத்த வாரமும் கொண்டு வரட்டுமா என்று கேட்டார்.

"வாங்க அம்மா" என்றார் மாஸ்டர்.