வெறுங்காட்டைச் சுற்றிய நாய்

சென்னியம்மாள் கையில் கொடுத்தால் செத்த நாயும் எழுந்துவிடும் என்று சேலத்து மாட்டாஸ்பத்திரிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஜீவகாருண்ய சபைக்காரர்கள் தகரக் கொட்டகை போட்டு, தெருவில் அடிபட்ட நாய்களை வைத்திருந்தார்கள். அங்கே மருந்து உண்டு, வேளாவேளைக்குக் கஞ்சி உண்டு; நிம்மதி மட்டும் கிடையாது. ஆகவே கட்டு அவிழ்க்கும் நிலைக்கு வந்த நாயைக் கம்பவுண்டர் கந்தவேல் வண்டியில் ஏற்றிவந்து, ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே இருந்த அவள் கடலைக் காட்டில் விட்டுவிடுவார். தேற்றி, நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டியது அவள் பொறுப்பு.

இப்படி ஆறு நாய்களை ஆறு வீடுகளில் சேர்த்திருந்தாள். கூரை ஒழுகுமா, குழந்தைகள் கல்லெடுத்து அடிக்குமா, மிச்சச் சோறு தினமும் மிஞ்சுமா என்று துருவித் துருவிக் கேட்பாள். பெற்ற மகளைக் கொடுக்கும்போதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை என்று ஊரார் கேலி செய்தார்கள். மகள் குமாரபாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாப்பிள்ளையை நினைத்துப் பார்த்தால், ஊரார் சொல்வது சரிதான் என்று அவளுக்கே பட்டது.

ஏழாவது நாய் ஐப்பசி மழையோடு வந்தது. செவ்வாய்ப்பேட்டையில் சந்தை நாளன்று மோட்டார் பஸ் அடித்துப் பின்னங்கால் முறிந்த நாய். என்னுடையது என்று கேட்டு யாரும் வரவில்லை. செம்மண் நிறம், ஒரு காது கிழிசல். "வா சாமி" என்றாள் சென்னியம்மாள். வந்து, வாசலுக்கு வெளியே படுத்துக்கொண்டது. மழை கொட்டினாலும் வீட்டுக்குள் கால் வைக்க மறுத்துவிட்டது.

தை பிறப்பதற்குள் எலும்பு கூடிவிட்டது. கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தது, அவ்வளவுதான். ஆனால் அதனிடம் ஒரு விசித்திரம் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் எழுந்துபோய், கடலை பிடுங்கிய வெறுங்காட்டை ஒரு சுற்றுச் சுற்றிவரும். நடுவில் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் ஏதோ இருப்பதுபோல ஒதுங்கி, நிதானமாக நடந்து முடித்துவிட்டுத்தான் படுக்கும்.

மத்தியானத்தில் தூங்கும்போது ஓடும். வேப்பமர நிழலில் கண்ணை மூடியபடி நாலு காலும் ஓடும், முறிந்த காலும் சேர்ந்து. பக்கத்தில் முந்தானையை விரித்துப் படுத்திருக்கும் சென்னியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே அரைக்கண் மூடுவாள். அப்புறம் அவளும் போவாள். இரண்டு பக்கமும் பனைகள் மெல்ல நகரும். கஞ்சமலை நீலமாக, தரையைத் தொடாமல் கூடவே வரும். முன்னால் புழுதி எழும்பும். புழுதிக்குள் என்னவோ போகிறது, என்னவென்று மட்டும் தெரியாது. விழித்தால் வெயில் இறங்கியிருக்கும், இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும்.

புருஷன் போய் மூன்று வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே துணை அந்த மத்தியானங்கள்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. நாயோடு சேர்ந்து கனவு காண்கிறேன் என்று சொன்னால் அடுத்த வண்டியில் அவளையல்லவா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார்கள்!

கந்தவேல் சைக்கிளில் வந்து கேட்டார்: "இதுக்கு எடம் பாத்தாச்சுங்களாக்கா?"

"இதுக்கு எடம் இதுதான் தம்பி. இது எனக்கு."

கம்பவுண்டருக்குச் சந்தோஷம். "அதுக்கென்னங்க, வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசி பாதியில், சோளத்தட்டு அறுத்த பக்கத்துக் காட்டுக்குச் செம்மறிகள் வந்தன. நிலத்துக்கு எரு விழட்டும் என்று அந்தக் காட்டுக்காரர் பெரியசாமி பேசி வரவழைத்த ஆட்டுப் பட்டி. மூங்கில் படல்களை வட்டமாக நிறுத்தி, இருட்டுவதற்கு முன் இருநூறு ஆடுகளை உள்ளே அடைப்பார்கள். காற்றில் ஆட்டு வாடை வந்ததுதான் தாமதம், நாய் எழுந்து நின்றது. அதன் உடம்பெல்லாம் நடுங்கியது.

புழுதிக்குள் போனது என்னவென்று சென்னியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இருந்துவிடலாம் என்று நினைத்தாள். நாயை இழுத்து வீட்டுக்குள் விட்டு, தூணில் கட்டி, கதவைச் சாத்தினாள். நாயைக் கட்டிப்போடுகிற வீட்டுக்கு நாய் கொடுக்காதவள் அவள்.

அது குரைக்கவில்லை, கஞ்சியையும் தொடவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் மத்தியானம் பக்கத்தில் போய்ப் படுத்தாள். அது தூங்கவில்லை, கால்கள் அசையவில்லை. அவளும் கண்ணை மூடிப் பார்த்தாள். பனைகள் வரவில்லை, மலை வரவில்லை. எழுந்து உட்கார்ந்து அதை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டி முடித்ததும் அழுகை வந்தது.

"உன்ற காலை ஒடிச்ச பஸ்ஸும் நானும் ஒண்ணுதான் சாமி" என்று கயிற்றை அவிழ்த்து, அதைப் பட்டிக்குக் கூட்டிப்போனாள்.

பட்டிக்காரர் செல்லமுத்து நாயைப் பார்க்கவில்லை, அதன் காலைத்தான் பார்த்தார்.

"நொண்டுதுங்களே ஆத்தா. நாங்க ஒரு எடத்துல நிக்கறவங்க இல்லீங்க. ஊடு வாசல் இல்லாத எங்ககிட்ட கொண்டாந்து உடறீங்களே."

"ஆறு நாய்க்கு ஊடு பாத்துக் குடுத்தவ நானு. இதுக்கு வேண்டியது ஊடில்லீங்க."

"வழியில நடக்க மாட்டாம நின்னுபோச்சுன்னா அந்தப் பாவம் எனக்குங்க. வேண்டாமுங்க."

நேற்று அதைக் கட்டிவைத்தவள் இப்போது கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள். "இங்க முடிஞ்சதும் என்ற காட்டுல மூணு நாளு பட்டி போடுங்க. அது கூடவே நடக்குதான்னு பாருங்க. ஆவாதுன்னா நானே வச்சுக்கறன்."

ஆகாது என்றே சொல்லிவிட மாட்டாரா என்று மனசின் ஒரு மூலை ஆசைப்பட்டது. அதை அவளே அதட்டி அடக்கினாள்.

அவள் காட்டில் முதல் நாள் படல் சாத்தும் நேரம். நாய் எழுந்துபோய்ப் பட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. இத்தனை நாள் வெறுமையாக இருந்த நடுவில் இப்போது இருநூறு ஆடுகள் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றன. இரண்டு படல்கள் சரியாகச் சேராத ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்து, அங்கே குறுக்கே படுத்துக்கொண்டது. செல்லமுத்து தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இது பட்டி நாயிங்க, ஆத்தா" என்றார். "குட்டிங்களோட பின்னால வரட்டும். குட்டிங்களும் மெதுவாத்தான் நடக்கும்."

நாலாம் நாள் காலையில் பட்டி கிளம்பியது. ஆடுகள் முன்னால், குட்டிகள் பின்னால், எல்லாவற்றுக்கும் பின்னால் தாங்கித் தாங்கி அந்த நாய். புழுதி எழும்பியது. சென்னியம்மாள் வரப்பில் நின்றாள். ஒரு தடவை திரும்பிப் பார்க்கும், அது போதும் என்று நின்றாள்.

அது திரும்பவில்லை.

"சாமி!" என்று கூப்பிட்டுவிட்டாள். கிழிந்த காது மட்டும் பின்பக்கம் மடங்கியது. அந்தச் சமயம் பார்த்து ஒரு குட்டி வரிசையை விட்டு வேலியோரம் ஒதுங்கியது. நாய் ஒரு கணம் நின்றது. பிறகு குட்டியை நோக்கிப் போய்விட்டது.

"அட நன்றி கெட்ட நாயே!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள் சென்னியம்மாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, வாயெல்லாம் சிரிப்பு. "போடா, போ! குட்டியப் பாத்து ஓட்டுடா!"